அந்தக் குரல் பதிவுக்கு ஓர் ஆசிரியரின் பதில்



பதிவு நீளமானது. நேரமில்லாதவர்கள் கடந்து போகலாம். வாசிக்காமல் மட்டும் கருத்து எழுத வேண்டாம். என் பிரச்சினையே அதுதான்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து சாப்பாட்டில் கை வைக்க முன்னரே மச்சான் கோல் எடுத்தார். "வட்ஸ்அப்பக் கொஞ்சம் பாருங்க, உங்களப் பத்தி ஒண்டு ஓடுது" என்றார். பார்த்தேன். 2 நிமிடம் 40 செக்கன் ஓடும் ஒரு குரல் பதிவு. பேசுகிறவர் தன் பெயரைச் சொல்லவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை. "ஹார்பர் பக்கத்துப் பாடசாலையொண்டில ஒரு சேர் பின்னேரத்தில புள்ளைகள இருட்டறைக்குள்ள வச்சி ஷைத்தான்ட உலகத்தக் காட்டுறாராம். ஜப்பான்காரன்ட கார்ட்டூன் கேமாம். சூனியம் படிப்பிக்கிறாராம். பெற்றோர்மாரே, விழிச்சிக்கொள்ளுங்க."

காட்டுறாராம், கேமாம், படிப்பிக்கிறாராம். எங்கள் மொழியில் ஓர் 'ஆம்' போட்டால் போதும், பொறுப்பு முழுவதும் வேறு யாரோ ஒருவர் தலையில் போய்விடும். பேசியவர் எதையும் பார்க்கவில்லை. அனுப்பியவர்கள் அதைக்கூடக் கேட்டுமுடிக்கவில்லை என்று நினைக்கிறேன். எனக்கே நான்கு குழுக்களிலிருந்து வந்தது. அதிலொன்று என் சொந்தச் சாச்சா அனுப்பியது.

அந்த சேர் நான்தான்.

'இருட்டறை' என்பது கணினி அறை. புரொஜெக்டரில் படம் தெரிய வேண்டுமென்றால் திரைச்சீலையை இழுத்துவிடத்தான் வேண்டும். திங்கட்கிழமை காலை அதிபர் கூப்பிட்டார். அவர் நல்ல மனிதர், கொஞ்சம் பயந்த மனிதரும்கூட. "கொஞ்ச நாளைக்கு நிப்பாட்டி வைப்பம் சேர், அடங்கட்டும்" என்று சொல்லி அறைத் திறப்பைக் கேட்டார். கொடுத்தேன். புதன்கிழமை 1.45க்கு 16 பிள்ளைகள் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். அவர்களுக்கு நான் என்ன காரணம் சொல்வது?

சரி, அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் டோரேமான் தெரியுமா என்று கேளுங்கள். வயிற்றுப் பையிலிருந்து சாமான் எடுத்துத் தரும் நீலப் பூனை. டிஷ் அன்டெனா இருக்கிற வீடுகளில் பின்னேரமானால் அது தமிழில் கதைத்துக்கொண்டிருக்கும். ஜப்பானில் 1980இலிருந்து டோரேமானை வைத்துத் திரைப்படங்கள் வந்தன. நோபிதாவும் கூட்டாளிமாரும் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்துக்குப் போவார்கள். 1981 படத்தில் வேறொரு கிரகம், 1983 படத்தில் கடலடி, 1984 படத்தில் மந்திர உலகம். இந்த மூன்று படங்களையும் ஒன்றாக்கி 1986இல் ஹட்சன் என்ற ஜப்பான் கம்பனி ஒரு டிவி கேம் செய்தது. நிண்டெண்டோவின் ஃபேமிகொம் இயந்திரத்துக்கு. மூன்று உலகம், ஒவ்வொன்றையும் கடந்தால் அடுத்தது. இன்றைய கணக்கில் அது ஒரு பழைய சாமான். படம் கட்டம் கட்டமாகத் தெரியும், சத்தம் குருவி கத்துவது போலிருக்கும்.

ஃபேமிகொம் என்றால் பலருக்கு விளங்காது. 'டிவி கேம்' என்றால் என் வயதுக்காரர் எல்லோருக்கும் விளங்கும். வெளிநாட்டுக்குப் போன வாப்பாமார் கொண்டுவந்த மஞ்சள் கெசட், சிவப்பு பட்டன். 1983இல் ஜப்பானில் வந்த அந்த இயந்திரத்தின் கொப்பிதான் அது. எங்கள் வீட்டுக்கு 1994இல் தம்மாமிலிருந்து வந்தது. கூடவே ஒரு ஃபுட்போல் கெசட். வாப்பா அதை வாங்கிய காரணம், கடைக்காரர் "கெப்டன் மாஜித்" என்று சொன்னதாம். அரபு நாட்டுப் பிள்ளைகளுக்குக் கெப்டன் மாஜித் என்றால் உயிர். அசல் பெயர் கெப்டன் சுபாசா, ஜப்பான் கார்ட்டூன். 1985லும் 1986லும் நான்கு திரைப்படமாகவும் வந்தது. அந்த கேமை 1988இல் டெக்மோ செய்தது. அதில் பந்தை நேராக உதைக்க முடியாது. எதிரி முன்னால் வந்ததும் ஆட்டம் நிற்கும், சொற்பட்டியல் ஒன்று வரும், அதில் நீங்கள் தெரிவு செய்ய வேண்டும். கொண்டு ஓடுவதா, கடத்துவதா, அடிப்பதா. எல்லாம் ஜப்பான் எழுத்து.

நானும் நானாவும் ஒரு கொப்பி போட்டோம். இரண்டு சாய்ந்த கோடும் மேலே ஒரு குமிழும் இருந்தால் 'பாஸ்'. நட்ட கம்பும் அதில் ஒரு கிளையும் பக்கத்தில் இரண்டு குத்தும் இருந்தால் 'கொண்டு ஓடு'. மூன்று மாதத்தில் இருபதுக்கு மேல் குறிகள். ஜப்பான் மொழியின் ஒரு சொல்லையும் எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை. உம்மா அடித்தா, கரண்ட் பில்லுக்காக. இன்று நான் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். தெரியாத எழுத்தைப் பார்த்தால் பயப்படாமல் உற்றுப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது அந்தக் கொப்பியிலிருந்துதான். ரியூஷன் வகுப்பில் அது கிடைக்கவில்லை.

அதைத்தான் இந்தப் பிள்ளைகளோடு செய்து பார்த்தேன். விதி ஒன்றே ஒன்று. ஒருவர் கையில் கட்டுப்படுத்தும் கருவி இருக்கும். ஆனால் அவர் தானாக அசையக் கூடாது. மற்றவர்கள் சொல்ல வேண்டும், அதுவும் முழு ஆங்கில வசனமாக. "இடது, இடது" என்று கத்தினால் டோரேமான் நின்ற இடத்திலேயே நிற்கும், எதிரி வந்து அடிக்கும். "கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியைத் திற" என்று ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொன்னால் திறக்கும். விளையாடி முடிந்ததும் நடந்ததைத் தமிழில் கொப்பியில் எழுத வேண்டும். டோரேமானின் சாமான்களுக்குப் பிள்ளைகளே பெயர் வைத்தார்கள். தலையில் பூட்டிப் பறக்கும் சின்ன விசிறிக்கு 'மண்டைக் காத்தாடி'. எந்த இடத்துக்கும் போகும் கதவுக்கு 'நினச்ச இடத்துக் கதவு'. டப்பிங்கில் என்ன சொல் வருகிறது என்று எனக்குத் தெரியும். இது அதைவிட நல்லது.

அந்த 16 பேரில் எட்டாம் தரப் பிள்ளை ஒருவர் இருக்கிறார். வாப்பா கடலுக்குப் போகிறவர். பெயர் சொல்லமாட்டேன். பாடப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்று வாங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். அடித்தும் பார்த்தாயிற்று (நானல்ல, எனக்கு முன்னர்). கடலடி உலகம் வந்தபோது அவர்தான் வாய் திறந்தார். நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று திரையைப் பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னார். ஆங்கிலத்தில் சொல்லாவிட்டால் அசைய மாட்டேன் என்றார் கருவியை வைத்திருந்தவர். அவர் யோசித்து யோசித்து ஐந்து சொல்லில் ஒரு வசனம் சொன்னார். வினைச்சொல் பிழை. பரவாயில்லை, அசையுங்கள் என்றேன். அடுத்த கிழமை கொப்பியில் மூன்று வரி எழுதிக்கொண்டு வந்தார். தவணைப் பரீட்சையில் அவர் இன்னும் சித்தியடையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்தில் முடியாததை எட்டுக் கிழமையில் முடித்தேன் என்று நான் சொல்லவில்லை. மூன்று வரி எழுதினார் என்று மட்டும்தான் சொல்கிறேன்.

இப்போது குற்றச்சாட்டுக்கு வருகிறேன்.

'ஷைத்தான்ட உலகம்'. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். கேமின் இரண்டாவது உலகம் அந்த 1984 படத்திலிருந்து வந்தது. அந்தப் படத்தின் ஜப்பான் பெயரில் பேய் உலகம் என்ற பொருள் இருக்கிறது. கொம்பு வைத்த எதிரிகளும் வருகிறார்கள். மறைக்கவில்லை. படத்தின் கதை என்ன? படிக்கச் சோம்பல்படும் நோபிதா, மந்திரம் இருக்கிற உலகம் வந்தால் எல்லாம் சுகமாக நடக்கும் என்று நினைக்கிறான். அப்படியோர் உலகம் வருகிறது. அங்கேயும் அவன் மக்குத்தான். மந்திரத்தையும் பாடமாகப் படித்துப் பழக வேண்டியிருக்கிறது, அவனோ அதையும் பழகவில்லை. எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தது அந்த இடத்தில்தான். சூனியம் படிப்பிக்கிற கதை இதுவென்றால், பரீட்சைக் காலத்தில் தாயத்துக் கட்டி விற்கிறவர்களைப் பற்றி எத்தனை குரல் பதிவு வந்தது என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

ஆனாலும் இதில் என் பிழை ஒன்று இருக்கிறது. ஒரு பெற்றோர் தன் பிள்ளை அந்த இரண்டாவது உலகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தால் அது அவருடைய உரிமை. நான் முதலிலேயே கடிதம் அனுப்பிக் கேட்டிருக்க வேண்டும். ஆங்கிலக் கழகம் என்று மட்டும் எழுதினேன், உள்ளே என்ன என்று எழுதவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள் என்ற பயம். அதிபரைப் பயந்தவர் என்று மேலே எழுதிய நானும் பயந்துதான் இருந்திருக்கிறேன். மன்னியுங்கள்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்ல. உருவங்கள் பற்றி உலமாக்களுக்கிடையில் கருத்து வேறுபாடு உண்டு என்பது தெரியும், அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் ஸுனன் அபூதாவூதில் வரும் ஒரு சம்பவத்தை நாங்கள் எல்லோரும் கேட்டிருக்கிறோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு போரிலிருந்து திரும்பி வருகிறார்கள். காற்றில் திரை விலகி, ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகள் தெரிகின்றன. நடுவில் துணியால் இறக்கை வைத்த ஒரு குதிரை. நபியவர்கள் முதலில் செய்தது என்ன? இது என்ன என்று கேட்டார்கள். குதிரைக்கு மேலே இருப்பது என்ன என்று கேட்டார்கள். குதிரைக்கு இறக்கையா என்று கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் இறக்கையுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்படவில்லையா என்று பதில் வந்தபோது கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்கள். ஒரு பிள்ளையின் விளையாட்டுச் சாமானைப் பற்றி இத்தனை கேள்வி. எங்கள் குரல் பதிவில் ஒரு கேள்விகூட இல்லை.

அடுத்தது 'ஜப்பான்காரன்ட'. இதைச் சொன்ன சகோதரர் எந்த ஊரில் இருந்துகொண்டு சொல்கிறார்? 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட துறைமுகம் இது. எங்கள் மூத்தம்மா அந்தக் காலைக் கதையை நோன்புக்குப் பிட்டு அவித்துக்கொண்டே சொல்லுவா. கோபம் என்றால் அப்போது கோபப்பட்டிருக்கலாம். அதன் பிறகு 1982இல் ரூபவாஹினி வந்தது, ஜப்பான் அரசாங்கத்தின் அன்பளிப்பாக. நோன்பு மாதத்தில் முஸ்லிம் நிகழ்ச்சி பார்க்க எங்கள் வாப்பாமார் ஒருவர் வீட்டில் ஒன்றாகக் கூடியது அதற்கு முன்னால்தான். அதே 1982இல் ஜப்பான் பங்காளியோடு தொடங்கிய டோக்கியோ சீமெந்தின் தொழிற்சாலை எங்கள் குடாவின் மறுகரையில் நிற்கிறது. எங்கள் வீட்டுச் சுவர்கள் எத்தனை அந்தச் சீமெந்தில் எழும்பியவை என்று மேசன்மாரிடம் கேளுங்கள். சீமெந்தை மூட்டை மூட்டையாக வாங்கலாம், பூனை மட்டும் வரக் கூடாதா?

இன்னொரு முஸ்லிம் நாட்டைச் சொல்கிறேன். 2013இல் பங்களாதேஷ் அரசாங்கம் டோரேமானைத் தொலைக்காட்சியில் தடை செய்தது. ஏன்? அது ஹிந்தி டப்பிங்கில் வந்தது, பிள்ளைகள் வங்காளத்தை விட்டு ஹிந்தி கதைக்கத் தொடங்கினார்கள். ஷைத்தான் கதை அங்கே எழவில்லை. அவர்கள் மொழிக்காகச் சண்டை போட்ட மக்கள், அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. அதற்குப் பிறகு டோரேமான் வங்காளத்திலேயே டப் செய்யப்பட்டு வந்தது. 2016இல் பாகிஸ்தானின் பஞ்சாப் சட்டசபையிலும் டோரேமானைத் தடை செய்யத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். நான் பங்களாதேஷின் பக்கம். அவர்கள் கேட்டது சரியான கேள்வி: இந்தப் பூனை என் பிள்ளையிடம் எந்த மொழியில் கதைக்கிறது? என் ராத்தாவின் சின்ன மகள் டிவி பார்த்துப் பார்த்து உம்மாவை 'அம்மா' என்று கூப்பிடுகிறாள், 'சூப்பரா இருக்குடா' என்கிறாள். எங்கள் பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளேயே தேய்கிறது. 'மண்டைக் காத்தாடி' என்று பிள்ளைகள் எழுதியதை நான் ஏன் கொண்டாடுகிறேன் என்று இப்போது விளங்கும்.

கண்டிக்க வேண்டிய கேம் இல்லையா? நிறைய இருக்கிறது, அதை முதலில் சொல்லுபவன் நான். ஜப்பான் கார்ட்டூன் படங்களை வைத்துக் காசு பார்த்த மோசமான சாமான்கள் அந்தக் காலத்திலேயே வந்திருக்கின்றன. 1983இல் ஸ்டேர்ன் என்ற அமெரிக்கக் கம்பனி 'கிளிஃப் ஹேங்கர்' என்றொன்றை விட்டது. லூபன் என்ற கள்வனைப் பற்றிய இரண்டு ஜப்பான் படங்களின் காட்சிகளை வெட்டி ஒட்டி, அவன் பெயரையும் மாற்றி, நாணயம் போட்டு விளையாடும் இயந்திரமாக்கினார்கள். தோற்றால் அவனைத் தூக்கிலிடும் காட்சி வரும். பிள்ளைகள் காசு போடுகிற இயந்திரத்தில் தூக்குமரம்! 'அகிரா' என்ற 1988 படத்தை அதே வருடம் டைட்டோ ஃபேமிகொமுக்குக் கொண்டுவந்தது. அது உண்மையில் வாசித்து வாசித்துத் தெரிவு செய்யும் சாகச கேம், பிழையாகத் தெரிவு செய்தால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அந்தப் படம் சின்னப் பிள்ளைகளுக்குரியது அல்ல, ஆகவே கேமையும் வகுப்புக்குக் கொண்டுபோகவில்லை. நான் கண்டதையெல்லாம் போட்டுக் காட்டுகிறவன் அல்ல.

வதந்திக்கும் இந்த உலகத்தில் ஒரு பழைய உதாரணம் உண்டு. மியாசாகி இயக்கிய 'நௌசிகா' படம் 1984இல் வந்தது. ராட்சதப் பூச்சிகளைக் கொல்லாதீர்கள் என்று ஒரு பெண்பிள்ளை உயிரைக் கொடுத்து நிற்கும் கதை. படம் வந்த காலத்திலேயே அதை வைத்துக் கணினி கேம்களும் வந்தன. அதிலொன்றில் அந்தப் பூச்சிகளைச் சுட்டுக் கொல்ல வேண்டும், அதைக் கண்டு மியாசாகி கொதித்துப்போய் இனி என் படத்தில் கேமே வேண்டாம் என்றாராம், என்றொரு கதை வருடக்கணக்கில் வாய்வழியாக ஓடுகிறது. பாருங்கள், அங்கேயும் 'ஆராம்'. சொல்லுகிறவர்களில் எத்தனை பேர் அதை விளையாடிப் பார்த்திருக்கிறார்கள்? வட்ஸ்அப் இல்லாத காலத்திலும் மனிதன் மனிதன்தான். எங்களுக்கு மட்டும் ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் இருக்கிறது, செய்தி வந்தால் விசாரியுங்கள் என்று. அதையும் நாங்கள் ஃபோர்வர்ட் பண்ணுகிறோம், வெள்ளிக்கிழமை காலையில், பூப் படம் போட்டு.

இனி என் பக்கத்துக் கேள்வி. இதற்குத்தான் இவ்வளவு தூரம் எழுதினேன்.

இஷாவுக்குப் பிறகு உட்துறைமுக வீதிப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். ஜமாலியாவில் மூடிய கடை வாசல்களைப் பாருங்கள். ஐந்து பேர், ஆறு பேர், குனிந்த தலை, முகத்தில் போன் வெளிச்சம். ஃப்ரீ ஃபயர். 50 பேர் ஒரு தீவில் இறங்கி, கடைசி ஆள் உயிரோடு நிற்கும் வரை ஒருவரையொருவர் சுடுவது. காது கொடுத்துக் கேளுங்கள், 12 வயதுப் பிள்ளையின் வாயில் வரும் தூஷணத்தை. துப்பாக்கிக்கு நிறம் மாற்ற, சட்டைக்கு மினுக்கம் போட 'வைரம்' வாங்க வேண்டும். அது காசு, உங்கள் காசு. கொமினிகேஷன் வைத்திருக்கும் ஒரு தம்பி என்னிடம் சொன்னார்: "சேர், பெருநாள் முடிஞ்ச கிழமை எனக்கு நல்ல வியாபாரம். பெருநாள் காசு முழுக்க இதுக்குத்தான் வருது." துப்பாக்கிச் சத்தம் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே படுத்து வளர்ந்த ஊர் இது. அந்தப் பிள்ளைகளின் உம்மாமாருக்கு அந்தச் சத்தம் இன்னும் ஞாபகம் இருக்கும். இன்று அதே சத்தம் மகனின் போனிலிருந்து வருகிறது, "சத்தத்தக் கொறச்சி வச்சி வெளையாடு" என்கிறோம்.

இதைப் பற்றி ஏன் குரல் பதிவு வரவில்லை? நான் சொல்கிறேன், கோபப்படுங்கள். அந்தப் போனைக் கையில் கொடுத்தது நாங்கள். பிள்ளை சத்தம் போடாமல் ஒரு மூலையில் இருக்கிறது, எங்களுக்கு வசதி. கண்டித்தால் முதலில் எங்களைத்தான் கண்டிக்க வேண்டும். பாடசாலையில் ஒரு சேர் பூனைப் படம் காட்டினால் அது சுகமான இலக்கு. வெளியாள் ஒருவர் மேல் கல்லெறிந்தால் வீட்டுக் கண்ணாடி உடையாது.

'நேர விரயம்' என்றும் ஒருவர் எழுதியிருந்தார். கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம், பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, 16 பேர் ஒரே திரையைப் பார்த்து, வாய் திறந்து கதைத்து, கடைசியில் கையால் எழுதியது. இதை விரயம் என்று எழுதிய சகோதரர் அதை இரவு 1.10க்கு எழுதியிருந்தார். அவருடைய நேரம் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு விடயம் மட்டும் என்னை உறுத்துகிறது. அதை யாருமே கேட்கவில்லை, ஆகவே நானே சொல்கிறேன். அந்த கேம் என்னிடம் எப்படி வந்தது? இணையத்திலிருந்து இறக்கியது. 1986இல் விற்ற கெசட், இன்று எங்கள் ஊர்க் கடையில் வாங்க வழியில்லை. ஆனாலும் உரிமை அதைச் செய்தவர்களுடையதுதான். அவர்களிடம் நான் அனுமதி கேட்கவில்லை. எழுத்து, கண்டுபிடிப்பு போன்றவற்றின் உரிமை மார்க்கப்படி பாதுகாக்கப்பட வேண்டியது, அதில் அத்துமீறக் கூடாது என்று 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்திருக்கிறது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஹராம் என்று என்னைக் கூண்டில் ஏற்ற விரும்பியவர் இதைச் சொல்லியிருந்தால் வாய் மூடி நின்றிருப்பேன். சொல்லவில்லை. ஏனென்றால் எங்கள் எல்லோர் வீட்டுக் கணினியிலும் ஓடுவது அப்படி வந்த சாமான்தான். காசு கொடுத்து வாங்கக்கூடிய பழைய கேம்கள் சில இருக்கின்றன. கழகம் திரும்பத் திறந்தால் அவற்றில் ஒன்றை என் சம்பளத்தில் வாங்கி அதோடு தொடங்குவேன். டோரேமான் இருக்காது, பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

அதிபரோடு நேற்றுப் பின்னேரம் திரும்பக் கதைத்தேன். பெற்றோர் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றால் அவருக்கு ஆட்சேபனை இல்லை என்றார். ஆகவே வருகிற புதன்கிழமை 1.45க்குக் கணினி அறை ஒரு நாள் மட்டும் திறக்கும். பெற்றோர் யாரும் வரலாம். பள்ளி நிர்வாகத்துக்கும் கையால் கடிதம் கொடுத்திருக்கிறேன், மௌலவி வருவதாகச் சொல்லியிருக்கிறார். குரல் பதிவு போட்ட சகோதரரே, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். நீங்களும் வாருங்கள், கூட்டத்தோடு கூட்டமாக இருக்கலாம். திரைச்சீலையை இழுக்காமல் வைக்கிறேன், படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும். பிள்ளைகளின் 16 கொப்பிகளும் முன் மேசையில் இருக்கும். முதலில் அவற்றை வாசியுங்கள். பிறகு உம்மாமார், வாப்பாமார் யாராவது ஒருவர் கருவியைக் கையில் எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் சொல்வார்கள். விளங்காவிட்டால் தமிழில் கேளுங்கள், அவர்களுக்கு அனுமதி உண்டு.

வர முடியாதவர்கள் எழுதித் தாருங்கள். உங்கள் பிள்ளை இரண்டாவது உலகம் பார்க்க வேண்டாமென்றால் அதையும் எழுதுங்கள், கேட்பேன். தயவுசெய்து குரல் பதிவாக வேண்டாம்.